குரங்கின் கையில் கொள்ளி

ரயில் பெட்டியில் சிகரெட்டைப் பார்த்தால் முகம் சுளிக்கிறவர்கள்கூட, கூண்டுக்குள் ஒரு குரங்கு புகை விட்டால் சிரித்துவிடுகிறார்கள்.

2023 ஆகஸ்ட் 9. திருப்பதியிலிருந்து செகந்திராபாத் போகும் வந்தே பாரத் எக்ஸ்பிரஸ் கூடூரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் வாங்காமல் ஏறியிருந்த ஒருவர் கழிப்பறைக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டு பற்றவைத்தார். பழைய பாசஞ்சர் வண்டியாக இருந்தால் புகை ஜன்னல் வழியே போயிருக்கும், விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். இது வந்தே பாரத். புகையை மோப்பம் பிடிக்கும் கருவி அலறியது. தானியங்கித் தீயணைப்புக் கருவி பீய்ச்சியடித்தது. பெட்டிக்குள் புகைமூட்டம் பரவ, தீப்பிடித்துவிட்டது என்று நினைத்த பயணிகள் அவசர போனில் கார்டைக் கூப்பிட்டார்கள். வண்டி மனுபோலுவில் நின்றது. ரயில்வே போலீசார் கழிப்பறைக் கண்ணாடியை உடைத்து எட்டிப் பார்த்தபோதுதான் உள்ளே ஓர் ஆள் இருப்பது தெரிந்தது. அவரை இறக்கி நெல்லூரில் வைத்து விசாரித்தார்கள். ஒரே ஒரு 'தம்'முக்காக ஒரு முழு ரயில் நின்றுபோனது.

செய்தியைப் படித்த எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கக் கூடியதுதான். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2021 மார்ச் 13 அன்று, டெல்லியிலிருந்து டேராடூன் போன சதாப்தி எக்ஸ்பிரஸின் ஒரு பெட்டி கான்ஸ்ரோ அருகே காட்டுப் பகுதியில் எரிந்தது. கழிப்பறைக் குப்பைத்தொட்டியில் யாரோ போட்ட பீடி அல்லது சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கும் என்று ரயில்வேயின் முதற்கட்ட விசாரணை சந்தேகித்தது. பயணிகள் அடுத்த பெட்டிக்கு மாற்றப்பட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

ரயிலில் புகைப்பது இப்படிக் கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு செய்யும் காரியமாக மாறியது அண்மைக் காலத்தில்தான். ஒரு தலைமுறைக்கு முன்னால் அது குற்றமாகக் கருதப்படவில்லை. உபசாரமாகவே கருதப்பட்டது.

சென்னையிலிருந்து டெல்லிக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர். ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும் அதே ஆறு பேரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். "எதுவரைக்கும் போறீங்க?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, கும்மிடிப்பூண்டி வருவதற்குள் உத்தியோகம், சொந்த ஊர், பையனின் படிப்பு என்று நீண்டுவிடும். அடுத்தது சிவகாசித் தீப்பெட்டி. "நெருப்பு இருக்கா சார்?" என்று கேட்டு வாங்கிய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சிகரெட்டையும் சேர்த்து நீட்டுவது மரியாதை. வேண்டாம் என்று சொன்னவர் அசடு வழிவார், ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போல. ராணுவத்தில் இருப்பவர், கரோல் பாகில் வீடு எடுத்திருக்கும் மத்திய சர்க்கார் குமாஸ்தா, போபாலில் இறங்கப்போகும் பி.எச்.இ.எல். ஊழியர் என மொழியும் சாதியும் சம்பளமும் வேறான ஆட்களைக் கழிப்பறைப் பக்கத்துக் கதவோரம் ஒன்றாக நிற்க வைத்ததில் சிகரெட்டுக்குப் பெரும் பங்குண்டு. ரயில் சிநேகம் என்பதில் பாதி இந்தக் கதவோரச் சிநேகம்தான்.

விஜயவாடாவைத் தாண்டி, வாரங்கல்லும் தாண்டி, பல்ஹார்ஷாவை நெருங்கும்போது இரு பக்கமும் காடு வரும். பக்கத்திலேயே தடோபா புலிகள் காப்பகம். பேச்சு அங்கே தானாக மிருகங்களுக்குத் தாவிவிடும். அவரவர் பார்த்த புலி, பார்த்ததாகச் சொல்லும் புலி, மச்சினன் பார்த்த புலி. காட்டுப் புலிகள் தீர்ந்துபோனால் மிருகக்காட்சிசாலைப் புலிகள். அதற்கப்புறம், கையில் புகையும் சிகரெட்டைப் பார்த்தோ என்னவோ, யாராவது ஒருவருக்கு அந்தக் கதை ஞாபகம் வந்துவிடும்: எங்கேயோ ஒரு ஜூவில் ஒரு குரங்கு சிகரெட் பிடிக்கிறதாம். மனுஷன் மாதிரியே சாம்பலைத் தட்டுகிறதாம். கதவோரமே குலுங்கிச் சிரிக்கும்.

இந்தச் சிரிப்பு நடக்கும்போது பெட்டிக்குள் என்ன நிலவரம்? புடவைத் தலைப்பால் குழந்தையின் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். மேல் பெர்த்தில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருமிக்கொண்டிருப்பார். இருமல் ஓய்ந்ததும், "ஒண்ணும் இல்லை, பரவாயில்லை" என்று அவரே சமாதானமும் சொல்வார்.

சட்டம் இவர்களைக் கைவிட்டிருக்கவில்லை. 1989-ம் வருடத்து ரயில்வே சட்டத்தின் 167-வது பிரிவு அப்போதே இருந்தது. அதே பெட்டியில் இருக்கும் வேறொரு பயணி ஆட்சேபித்தால் புகை பிடிக்கக் கூடாது. மீறினால் நூறு ரூபாய் வரை அபராதம். எந்த ரயிலிலும் அல்லது அதன் எந்தப் பகுதியிலும் புகைப்பதை அடியோடு தடை செய்யவும் நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிந்தது. ஆனால் அது ஆட்சேபிக்கும் ஆளை நம்பி எழுதிய சட்டம். இன்னும் முப்பது மணி நேரம் எதிரும் புதிருமாக உட்காரப்போகிற மனிதரிடம், இப்போதுதான் முறுக்கை நீட்டியவரிடம், நம் பையனுக்கு டெல்லியில் வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னவரிடம், எப்படி ஆட்சேபிப்பது? அவரோ பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்த பிறகு, "உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்கிறார். அதற்கு என்ன பதில் வரும் என்பது கேட்டவருக்கும் தெரியும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்த ஆட்சேபம்.

இந்த நிலைமை முதலில் கேரளத்தில் மாறியது. பொது இடத்தில் புகைப்பதை எதிர்த்துத் தொடரப்பட்ட ராமகிருஷ்ணன் வழக்கில், 1999 ஜூலை 12 அன்று கேரள ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. பெஞ்சில் இருந்தவர்கள் இருவர்: தேவகோட்டைக்காரரும் பின்னாளில் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானவருமான ஏ.ஆர். லட்சுமணன், மற்றவர் கே. நாராயண குருப். பொது இடத்தில் புகைப்பது இந்திய தண்டனைச் சட்டப்படி பொதுத் தொல்லை என்றார்கள் இருவரும். அடுத்தவர் விட்ட புகையைச் சுவாசிக்க வைப்பது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது என்றார்கள். இருமுகிறவர் எழுந்து நின்று வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு காத்திருக்கவில்லை. அவர் வாய் மூடியிருந்தாலும் உரிமை உரிமைதான்.

அதே 1999-ல் ரயில் நிலையங்களில் பீடி, சிகரெட் விற்பதை ரயில்வே நிறுத்தியது. 2001 நவம்பர் 2 அன்று, மும்பை காங்கிரஸ் தலைவர் முரளி தேவ்ரா போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூலகம், கோர்ட், அரசு அலுவலகம், ரயில் உள்ளிட்ட பொது வாகனங்கள் எங்கும் புகைக்கத் தடை. 2003-ல் நாடாளுமன்றம் புகையிலைச் சட்டம் கொண்டுவந்தது. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 காந்தி ஜெயந்தி அன்று, கறாரான விதிகள் அமலுக்கு வந்தன; 200 ரூபாய் வரை அபராதம்.

தடை வந்ததும் கதவோரம் காலியாகிவிட்டதா என்றால், இல்லை. ஆனால் மெலிந்தது. பயணிகள் டி.டி.இ.யின் தலை தெரிந்தால் சிகரெட்டைக் கைக்குள் மறைத்தார்கள். நாக்பூரிலும் இடார்சியிலும் வண்டி நிற்பதற்குள் குதித்திறங்கி அவசர அவசரமாக இழுத்தார்கள். 2009-10ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14 சதவீதம் பேர் புகைப்பவர்களாக இருந்தார்கள். 2016-17ல் இது 10.7 சதவீதம். இந்தக் குறைவு முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் இன்று ரயிலில் ஒருவர் பற்றவைத்தால், அசடு வழிய வேண்டியவர் அவர்தான் என்றாகிவிட்டது. தீப்பெட்டி கேட்டு ஆரம்பித்த சிநேகம் இப்போது போன் சார்ஜர் கேட்டு ஆரம்பிக்கிறது.

கதவோரத்தில் சொல்லிச் சிரித்த குரங்கு மட்டும் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால், போனில் வீடியோ வந்த பிறகு அதன் புகழ் பல மடங்காகிவிட்டது. கதை கட்டுக்கதையும் அல்ல. ஒரு குரங்கு அல்ல, பல உண்டு. விலங்கியல் படித்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு திருத்தம்: சிம்பன்சியும் ஒராங்குட்டானும் வாலில்லாக் குரங்குகள். மரத்துக்கு மரம் தாவும் நம்மூர்க் குரங்கைவிட மனிதனுக்கு நெருங்கிய சொந்தம்.

தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபோன்டைன் நகரின் மிருகக்காட்சிசாலையில் சார்லி என்ற சிம்பன்சி இருந்தது. பார்வையாளர்கள் வீசிய சிகரெட்டை எடுத்துப் புகைக்கக் கற்றுக்கொண்டது. ஊழியர்கள் தடுக்கப் பார்த்தும் நடக்கவில்லை. 2010 அக்டோபரில் இறந்தபோது அதற்கு வயது 52. சிம்பன்சிகளின் சராசரி ஆயுளைவிட அதிகம். கதவோர வக்கீல்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் திண்டுக்கல் சுருட்டு பிடிச்சார்" என்று சொல்வதற்குப் பதிலாக இனி சார்லியைச் சொல்லலாம். தாத்தாவின் நண்பர்கள் எத்தனை பேர் ஐம்பதைத் தாண்டவில்லை என்ற கணக்கைத் தாத்தா கதை சொல்கிறவர்கள் எப்போதும் சொல்வதில்லை.

சீனாவின் சியான் நகரத்துச் சின்லிங் சஃபாரி பூங்காவில் இருந்த அய் அய் என்ற பெண் சிம்பன்சியின் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. 1989-ல் அதன் துணை இறந்தது. அப்போதுதான் அது புகைக்க ஆரம்பித்தது. பிறகு வந்த துணையும் 1997-ல் இறந்துபோக, குட்டியையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட, அய் அய் ஒன்று மாற்றி ஒன்று ஊத ஆரம்பித்தது. பதினாறு வருடம் இப்படி. அதன் உடல்நிலையைப் பார்த்துக் கவலைப்பட்ட பராமரிப்பாளர்கள் வேறு வழி தேடினார்கள். காலையில் நடக்கக் கூட்டிப் போனார்கள். மதியம் வாக்மேனில் பாட்டுப் போட்டுக் காதில் மாட்டிவிட்டார்கள். சாயங்காலம் உடற்பயிற்சி. பாலும் வாழைப்பழமும் போதாதென்று பொரித்த பலகாரமும் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் சிகரெட் கேட்டுக் கத்திய அய் அய், கொஞ்சம் கொஞ்சமாக மறந்தது. 2005-ல் 27 வயதில் அது சிகரெட்டை விட்டுவிட்டது என்று பூங்கா அறிவித்தது. கூண்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பிராணிக்குப் பொழுது போகாததுதான் இந்த வியாதியில் பாதி என்பது அந்தச் சிகிச்சையைப் பார்த்தாலே தெரிகிறது.

2016-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட வடகொரியாவின் பியோங்யாங் மிருகக்காட்சிசாலையில் நடந்தது இன்னொரு ரகம். அங்கே சிகரெட் கொடுத்தது கூட்டம் அல்ல, பயிற்சியாளரே. 19 வயதுப் பெண் சிம்பன்சி ஒன்று லைட்டரால் தானே பற்றவைத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு ஒரு பாக்கெட். பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். அது புகையை உள்ளே இழுப்பதில்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். மனைவியிடம் மாட்டிக்கொண்ட கணவன்மார்களுக்கு இந்த விளக்கம் பழக்கமானதாக இருக்கும்.

இந்தியாவிலும் ஒரு 'புகைபிடிக்கும் மிருகம்' உலகப் புகழ் பெற்றது. 2018 மார்ச்சில் பரவிய ஒரு வீடியோவில், கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் ஒரு பெண் யானை தரையிலிருந்து எதையோ தும்பிக்கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வாய் வழியே புகை விட்டது. செயின் ஸ்மோக்கர் யானை என்று கேலி பறந்தது. படம் எடுத்தவர் வனவிலங்கு ஆராய்ச்சி அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர், எடுத்தது 2016-ல். விஷயம் இதுதான்: காட்டுத்தீ பரவாமலிருக்க வனத்துறை முன்கூட்டியே ஓரங்களை எரித்திருந்தது. யானை அந்த இடத்தில் கிடந்த கரித்துண்டுகளைப் பொறுக்கி, மேலே படிந்த சாம்பலை ஊதிவிட்டுத் தின்றுகொண்டிருந்திருக்க வேண்டும் என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். கரிக்கு வயிற்று நஞ்சை உறிஞ்சும் குணம் உண்டு. நம் வீட்டுப் பாட்டி வைத்தியம் போல யானையின் வைத்தியம். அது யாரையும் பார்த்துக் கற்றுக்கொண்டதல்ல. அதற்கு யாரும் கொடுத்ததும் அல்ல.

கூண்டில் இருப்பவை அப்படியல்ல. அவற்றின் கையில் இருக்கும் ஒவ்வொரு சிகரெட்டும் ஒரு மனிதக் கையிலிருந்து போனது. குரங்கின் கையில் கொள்ளி அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழமொழி வைத்திருக்கிறோம். அது எப்படி அகப்பட்டது என்று பழமொழி கேட்பதில்லை.

கூண்டுக்கு முன்னால் நம்மவர்கள் நடந்துகொள்ளும் முறையும் பெருமைப்படும்படி இல்லை. சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும் ஒரு காலத்தில் பெயர். அருங்காட்சியக வளாகத்தில்தான் 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். பின்னர் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூரின் பரந்த காட்டுக்குக் குடிபெயர்ந்தது. இடம் பெருகியது, கம்பிகள் போய் அகழிகள் வந்தன. பார்க்க வருகிறவர்களில் சிலர் மட்டும் மாறவில்லை. முதலை அசையாவிட்டால் அது பொம்மையோ என்று சந்தேகம். தீர்த்துக்கொள்ள ஒரு கல். தூங்கும் சிங்கத்துக்கு ஒரு விசில். குரங்குக்கு முதலில் கடலை, பிறகு கடலை மடித்த காகிதம், பிறகு கையில் கிடைத்தது எதுவானாலும்.

இந்த விளையாட்டு சில சமயம் மனித உயிரையே கேட்டிருக்கிறது. 1996 புத்தாண்டு தினத்தில் கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் இரண்டு பேர் சிவா என்ற புலிக்கு மாலை போட உள்ளே இறங்கினார்கள். ஒருவர் திரும்பவில்லை. (குரங்கின் கையில்தான் பூமாலை இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.) 2014 செப்டம்பர் 23 அன்று டெல்லியில் விஜய் என்ற வெள்ளைப் புலியின் அகழிக்குள் ஓர் இளைஞர் விழுந்தார். புலி பல நிமிடங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றது. மேலே இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள், கல் எறிந்தார்கள், போனில் படம் பிடித்தார்கள். பிறகு புலி அவருடைய கழுத்தைக் கவ்வியது.

மிருகங்கள் சாகும்போது இவ்வளவு சத்தம் எழுவதில்லை. சிகரெட் துண்டில் நிகோடின் மட்டும் இல்லை, எளிதில் மக்காத ஃபில்டரும் இருக்கிறது, எறிந்தவரின் எச்சிலும் இருக்கிறது. சிம்பன்சிக்கும் மனிதனுக்கும் மரபணுவில் 98 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை. காசநோய், சளிக் காய்ச்சல் என நம்முடைய நோய்கள் பலவும் அவற்றுக்குத் தொற்றும். மனிதரிடமிருந்து கூண்டுக்குள் என்ன போகும் என்பதை கோவிட் காலம் காட்டிவிட்டது. 2021 மே மாதம் ஐதராபாத் நேரு பூங்காவில் எட்டு சிங்கங்களுக்குத் தொற்று. ஜூன் மாதம் வண்டலூரில் சிங்கங்களுக்குத் தொற்று. ஒன்பது வயது நீலா இறந்தது, இரண்டு வாரத்துக்குள் பத்மநாதன் என்ற கிழட்டுச் சிங்கமும் இறந்தது. இத்தனைக்கும் அப்போது பூங்காக்களின் கதவுகள் பொதுமக்களுக்கு மூடியிருந்தன.

சட்டம் இங்கேயும் உண்டு. 1991-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு சொல்கிறது: மிருகக்காட்சிசாலையில் எந்தப் பிராணியையும் சீண்டக் கூடாது, காயப்படுத்தக் கூடாது, அதற்குத் தீனி போடக் கூடாது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது, குப்பை போடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. ரயில்வே சட்டத்தின் அந்தப் பழைய பிரிவைவிட இது கண்டிப்பானது. யாரும் ஆட்சேபிக்க வேண்டும் என்று இது எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தால் ஆட்சேபிக்க வேண்டியது புலியாக இருக்கும். ஆனால் சீண்டுகிறவனைப் பார்த்துப் பக்கத்தில் நிற்பவர்தான் காவலரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவரோ பெரும்பாலும் சிரித்துக்கொண்டிருக்கிறார், அல்லது குழந்தையைத் தோளில் தூக்கி, "பார், பார்" என்று காட்டிக்கொண்டிருக்கிறார்.

கேரள ஹைகோர்ட்டில் புகைத் தடைத் தீர்ப்பு எழுதிய இருவரில் ஒருவர், அதற்கு அடுத்த வருடமே இன்னொரு முக்கியமான தீர்ப்பையும் எழுதினார் என்பது பலருக்கு நினைவிருக்காது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று மத்திய அரசு 1998-ல் பிறப்பித்த உத்தரவை எதிர்த்து சர்க்கஸ்காரர்கள் போட்ட வழக்கு அது. 2000-ல் அதை விசாரித்த பெஞ்சிலும் நீதிபதி நாராயண குருப் இருந்தார். வழக்கு தள்ளுபடியானது. அடிப்படை உரிமை மனிதனுக்கு மட்டும்தானா, மிருகத்துக்கு ஏன் கூடாது என்று அந்தத் தீர்ப்பு கேட்டது. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டும் தடையை உறுதி செய்தது. ரயிலில் வாய் திறக்காமல் இருமுகிறவர், சர்க்கஸ் வளையத்துக்குள் நெருப்பைத் தாண்டும் புலி, இருவர் விஷயத்திலும் அந்த நீதிபதி கேட்ட கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: எதிர்ப்புச் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

சர்க்கஸ் கூடாரத்தில் சட்டத்தை அமல்படுத்துவது சுலபம், முதலாளி ஒருவர்தான். மிருகக்காட்சிசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே வரும் அத்தனை பேரும் ஆளுக்கொரு கை வைத்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள். மத்திய ஜாவாவில் சோலோ நகரத்து மிருகக்காட்சிசாலையில் இருந்த தோரி என்ற பெண் ஒராங்குட்டான், எரியும் துண்டுகளைக் கூட்டம் எறிய எறியப் பத்து வருடமாகப் புகைத்துக்கொண்டிருந்தது. சிகரெட் வேண்டுமென்றால் இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டும். 2012-ல் அதற்கு 15 வயது. அதன் தாய் தகப்பனும் புகைத்தவை என்றார்கள். அறிவிப்புப் பலகை வைத்துப் பார்த்தாகிவிட்டது, பயனில்லை. கடைசியில் பூங்காவின் ஏரி நடுவே இருக்கும் சின்னத் தீவுக்கு அதன் துணையோடு குடியேற்றினார்கள். கரையிலிருந்து எவ்வளவு வேகமாக வீசினாலும் சிகரெட் போய்ச் சேராத தூரம் என்பதுதான் அந்தத் தீவின் விசேஷம்.

எல்லா ஊரிலும் ஏரியும் தீவும் கிடைப்பதில்லை. ஆறு வருடம் கழித்து, 2018 மார்ச்சில், அதே ஜாவாவில் பாண்டுங் மிருகக்காட்சிசாலையில் ஓசோன் என்ற 22 வயது ஒராங்குட்டானை நோக்கி ஒருவர் தான் பாதி புகைத்த சிகரெட்டை வீசினார். ஓசோன் எடுத்துப் புகைத்தது, சாம்பலைத் தட்டியது. சுற்றி நின்றவர்கள் சிரிப்பது வீடியோவில் கேட்கிறது. உலகம் முழுக்கக் கண்டனம் கிளம்பியதும் எறிந்தவர் மன்னிப்புக் கேட்டார். அந்த இடத்தில் காவலுக்கு ஆள் போட்டிருந்தோம் என்றது நிர்வாகம். அந்த நேரம் பார்த்து அவர் கழிப்பறைக்குப் போயிருந்தாராம்.